ஐந்தாம் வீட்டுச் சுவரை நான் நேராக்கியது

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. படிவங்களில் பெயரும் விலாசமும் எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்ல உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னால் வரும், நடுவில் நடந்தது வராமலே போகும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று பஸ்மினா ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நான் எழுதித் தருவதை அவள்தான் கொம்பியூட்டரில் அடித்து உங்களுக்குக் கொடுப்பாள். உங்கள் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. முகம் பார்க்காமல் சொல்லலாம் என்பதால்தான் ஒத்துக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராதனை வீதியில் பாத்திரக் கடைக்கு மேலே உள்ள அந்த இரண்டு அறைகள் நான் வந்த காலத்திலும் அப்படித்தான் இருந்தன. வேலையும் அதே வேலைதான். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் கொம்பியூட்டருக்குள் கட்டிய வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொண்டுவருவார்கள். அதை மொடல் என்போம். கோணல் இருந்தால் நிமிர்த்தி, ஓட்டை இருந்தால் அடைத்து, நிறம் பூசி, வெயிலும் நிழலும் விழவைத்து, ஆசிரியர்களுக்குக் காட்டக்கூடிய படமாக எடுத்துக் கொடுப்போம். நான் இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. கூட்டித் துடைக்கவும் தேநீர் போடவும் வந்தவள்.

ஒரு நாள் முதலாளி சேரும் அங்கே வேலை செய்த இரண்டு பெடியன்களும் ஒரு மொடலின் முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். வெள்ளைச் சுவரில் அங்கங்கே நீலம் நீலமாகத் திட்டு விழுந்திருந்தது. எந்த நிறம் பூசினாலும் போகவில்லை. நான் பின்னால் நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயை அடக்க முடியாமல், அந்தச் சுவர்கள் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நிற்கின்றன, சட்டையைத் திருப்பிப் போட்டது போல, என்று சொல்லிவிட்டேன். சேர் திரும்பி என்னைப் பார்த்தார். கொம்பியூட்டர் கதிரையை இழுத்து, உட்காரச் சொல்லி, மவுஸை என் கையில் கொடுத்தார். சுவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நீலம் போய்விட்டது.

அதற்குப் பிறகு துடைப்பத்தையும் மவுஸையும் மாறி மாறிப் பிடித்தேன். இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியாது. பென்சில் படம், அம்புக்குறி படம், நிற வாளிப் படம் என்று படங்களை வைத்தே பழகினேன். நாளாக ஆக, நேராக்குவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு நூல் அளவு சுவர் கோணி நின்றாலும் என் கண்ணுக்குப் பட்டுவிடும். பிள்ளைகள் "அக்காகிட்ட குடுங்க" என்று கேட்டு வந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும். பொய் சொல்லமாட்டேன்.

பிறகு பஸ்மினா வந்தாள்.

மாத்தளைப் பக்கத்துப் பிள்ளை. டிப்ளோமா முடித்தவள். நான் ஒரு முழு நாள் எடுக்கிற வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு உம்மாவுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பாள். வந்து மூன்று மாதத்தில் பிள்ளைகள் அவளை "பஸ்மினா மிஸ்" என்றார்கள். நான் அக்காவாகவே இருந்தேன். "மிஸ் இருக்காங்களா அக்கா?" என்று என்னிடமே கேட்பார்கள். அவள் என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. நடந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நம் இடத்தில் ஒரு விதி உண்டு, இன்றைக்கும் உண்டு. ஒருவருடைய மொடலைத் தொடுவதற்கு முன்னால் அதற்கு ஒரு பிரதி எடுத்து, வேறு பெயர் வைத்து, தனியாக வைக்க வேண்டும். பிரதி எடுக்க எனக்குத் தெரியும். பெயர் அடிக்கத்தான் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் பஸ்மினாவைக் கூப்பிட வேண்டும். அவள் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்து, நாலு எழுத்தை அடித்துவிட்டுப் போவாள். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் எனக்கு முள்ளாகக் குத்தும்.

இனி நான் சொல்ல வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் பிள்ளை வந்தாள். பெயர் கௌசல்யா. கொழும்பில் கட்டடக்கலை படிக்கிறாள், கடைசி வருடம். ஊர் எது என்று சேர் கேட்டார். "தெல்தோட்டை சேர், தோட்டத்து லயம்" என்று கூசாமல் சொன்னாள்.

நான் தேநீர் அறைக்குள் இருந்தேன். கையில் இருந்த கேத்தலைக் கீழே வைத்துவிட்டேன். நானும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்த பிள்ளைதான். ஹந்தானை. ஆனால் டவுனுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து யார் ஊரைக் கேட்டாலும் "ஹந்தானைப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். லயம் என்ற சொல் என் வாயிலிருந்து வேலை செய்கிற அந்தக் கந்தோருக்குள் வந்ததே இல்லை. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஐந்தாம் வகுப்பில் என்னை நிறுத்தினார்கள். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளையோ ஏதோ அரண்மனையில் பிறந்தவள் போல அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நிற்கிறாள். சேர் நல்ல கோப்பையில் தேநீர் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோனேன். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, "தேங்ஸ்மா" என்றாள். அது என்னை இன்னும் எரித்தது.

அவளுடைய லெப்டொப் பழுதாகிவிட்டது. மொடல் ஒரு பென் டிரைவில் மட்டும்தான் இருந்தது. திங்கட்கிழமை கொழும்பில் ஆசிரியர்கள் குழுவின் முன்னால் காட்டவேண்டும். அதைப் படமாக்கித் தரச் சொல்லி, பஸ்மினாவின் மேசையில் உட்கார்ந்து ஏதேதோ விளக்கிச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலையில் வருவதாகச் சொல்லிப் போனாள். பஸ்மினா பென் டிரைவை மேசை லாச்சியில் வைத்தாள். அடுத்த நாள் அவளுக்கு அக்குறணையில் சொந்தத்தில் கலியாணம். ஞாயிறு காலையில் வந்து செய்துகொள்ளலாம் என்று இருந்தாள்.

சனிக்கிழமை நான் லாச்சியைத் திறந்தேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை.

மொடலைத் திறந்தேன். பன்னிரண்டு வீட்டு லயம் ஒன்று. முன்னால் நீளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற கான், ஒவ்வொரு வாசலுக்கும் கானுக்கு மேலே போட்ட பலகைக் கல், அதிலும் ஒரு கல் உடைந்தது. மவுஸை உருட்டி உருட்டி ஐந்தாம் வீட்டுக்குள் போனேன். முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, உள்ளே படுக்க ஒரே ஒரு காம்பரா, பின்னால் குசினி. அடுப்புக்கு மேலே சுவரில் புகை ஏறியிருந்த கருப்பைக்கூட அவள் விடவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீடும் அதே அளவுதான். அந்த அளவுக்குள் எட்டுப் பேர் இருந்தோம். அதை ஒளித்து வைக்க வேண்டிய ஒன்றாகவே வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். இந்தப் பிள்ளை அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய ஆட்களிடம் காட்டி மார்க் வாங்கப்போகிறாள். எனக்கு வெட்கமாக இருந்த அதே இடம் அவளுக்குப் பட்டமாகிறது. அன்றைக்கு என் மனதில் இருந்தது இதுதான். வேறு நல்ல பெயர் வைக்க நான் பார்த்தேன், வரவில்லை. பொறாமைதான்.

சுவர்கள் எல்லாம் கோணி நின்றன. ஒன்று கொஞ்சம், ஒன்று கூடுதலாக. ஐந்தாம் வீட்டின் பின்சுவர் நன்றாகவே வெளியே சாய்ந்திருந்தது. ஒவ்வொரு சுவர் ஓரத்திலும் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. கோட்டின் நுனியில் சின்னதாக ஏதோ ஒன்று.

பிரதி எடுக்கவில்லை. பெயர் அடிக்க பஸ்மினா இல்லை, அவள் இல்லாமல் செய்து காட்ட வேண்டும் என்பதுதானே என் நோக்கம். நேராக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வீட்டுச் சுவர்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். சிவப்புக் கோடுகளை அழித்தேன். உடைந்த கல்லை ஒட்டினேன். கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு வீடு முடிந்ததும் சேமித்தேன். கடைசியில் தூரப் போய் நின்று பார்த்தபோது, அந்த மாதிரி ஒரு லயத்தை நான் கண்டதே இல்லை. ஒரு கோணல் இல்லை, ஒரு கறை இல்லை. பின்னேரம் சேர் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் இப்படி ஒரு லயம் இருந்தால் தானே போய்க் குடியிருப்பேன் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைக்கவில்லை. நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கௌசல்யா வந்தாள். பஸ்மினாவும் அப்போதுதான் வந்து உட்கார்ந்து மொடலைத் திறந்தாள். நான் ஜன்னல் பக்கம் நின்றேன்.

கௌசல்யா திரையைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மிஸ், நூலெல்லாம் எங்க?" என்றாள்.

என்ன நடந்தது என்று பஸ்மினாவுக்கு விளங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "நான்தான் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்" என்றேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை சொன்னாள். அவர்களுடைய லயத்துக்குக் கீழே மண் நகர்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். கானில் ஒரு வெடிப்பு. சொன்னால் யாரும் நம்பவில்லை, எல்லாம் பழைய சுவர்தானே என்றார்கள். அதனால் நூலில் பூட்டைக் கட்டி, கொத்தனார் தூக்குக் குண்டு பிடிப்பது போல ஒவ்வொரு சுவரிலும் தொங்கவிட்டு, சாய்வை அளந்திருக்கிறாள். அந்த நூல்தான் சிவப்புக் கோடு. தோட்ட வீடுகளைப் பார்க்கிற அதிகாரி ஒருவரும் திங்கட்கிழமை அந்தக் குழுவில் வந்து உட்காரப் போகிறார். அவருக்குக் காட்டத்தான் இத்தனையும்.

"சாய்வு இல்லேன்னா இது வெறும் லயம் அக்கா" என்றாள். "வெறும் லயத்த யாரு பாப்பாங்க?"

திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

பஸ்மினா கொம்பியூட்டருக்குள் தேடினாள். முந்தைய பிரதி ஒன்றை அது தானாகவே வைத்திருக்கும். ஆனால் நான் வீட்டுக்கு வீடு சேமித்ததில் அந்தப் பிரதியும் நேராகிப் போயிருந்தது. அவள் கதிரையைத் திருப்பி, "பிழை எண்ட கையிலதான் கௌசல்யா" என்றாள். "ஒண்டையும் தொட வாணாம்டு அக்காட்ட சொல்லாம கலியாணத்துக்குப் போயிட்டன். அக்காக்கு என்னண்டு தெரியும்?"

அந்த நேரம் பார்த்து சேர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். வாடிக்கைப் பிள்ளையின் முன்னாலேயே பஸ்மினாவை ஏசினார். அவர் யாரையும் அப்படி ஏசி நான் கேட்டதில்லை. படித்த பிள்ளை, பொறுப்பு வேண்டாமா என்றார். பஸ்மினா தலையைக் குனிந்து முக்காட்டுத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு அது இனித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை அனுபவித்தேன். வாயைத் திறந்து "அவள் மேல் பிழை இல்லை" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை.

அளந்த எண்கள் எங்கே என்று சேர் கேட்டார். கொப்பியில், கொப்பி வீட்டில். தெல்தோட்டைக்குப் போய்த் திரும்பினால் கொழும்புக்குப் போகிற மூன்று மணி ரயில் போய்விடும். ஞாயிறு என்பதால் அம்மா கொழுந்து பறிக்கப் போயிருக்க மாட்டார் என்று கௌசல்யா போன் எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள்.

என் கதிரையை பஸ்மினா இழுத்துக் கொடுத்தாள். "நீங்க சுவரைப் புடிங்க அக்கா, நம்பர நான் அடிக்கிறன்." சாய்க்கிற வேலைக்கும் நேராக்குகிற அதே கைதான் வேண்டும். இரண்டு பேரும் ஒரே கொம்பியூட்டரின் முன்னால் தோள் உரச உட்கார்ந்தோம். அதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

அம்மா கொப்பியைப் பார்த்து வாசித்தார். மொத வீடு ரெண்டரை. ரெண்டாவது மூணு. மூணாவது மூணேகால். சென்ரிமீற்றர் கணக்கு. நான் சுவரைப் பிடித்துச் சாய்க்க, பஸ்மினா எண்ணை அடிக்க, நாலு வீடு முடிந்தது. ஐந்தாவதில் அம்மா நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கம் ஒழுகல்ல நனைஞ்சி போச்சிடி. மையெல்லாம் ஊறிக் கெடக்கு. ஒண்ணும் தெரியல."

ஐந்தாவது அவர்களுடைய சொந்த வீடு. எட்டரையோ எட்டே முக்காலோ என்று கௌசல்யாவுக்கு ஞாபகம். எட்டரை என்று போட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம், நேரம் போகிறது என்றார் சேர். பதினொன்றரை ஆகிவிட்டது.

"வேணாம்" என்றேன் நான். "திரும்ப அளக்கச் சொல்லுங்க."

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இன்னொரு சுவரை என் இஷ்டத்துக்கு நிறுத்த மனம் வரவில்லை என்பது பாதி. சேருக்கு முன்னால் சரியான வார்த்தையைச் சொன்னவளாக நான் இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. அவசரத்தில் ஒரு முடிவு எடுக்கும்போது மனதில் ஒரே ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை பிள்ளைகளே. இருக்கிறது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டே பூட்டைத் தேடி எடுத்து, நூலைக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் போனார். கோழி கொக்கரிப்பது கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "என்னா கௌசல்யா அம்மா, செவுத்துக்கு ஊசி போடுறியா?" என்றது.

"ஆமா. ஒனக்கும் போடவா, திரும்பி நில்லு."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கௌசல்யாவுக்கும்கூட. அம்மா நூல் ஆடாமல் நிற்கும்வரை பார்த்து அளந்தார். பிறகு, "பதினொண்ணு" என்றார்.

"அம்மா, திரும்பப் பாரு."

"பதினொண்ணுதான்டி. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

கௌசல்யா அளந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சேர் எட்டரையைப் பதினொன்றிலிருந்து விரலால் கழித்துப் பார்த்தார். கௌசல்யா போனைத் தூக்கி, "நீ செவுத்துக்கிட்ட நிக்காத, தம்பியையும் கூட்டிக்க, வீட்டுக்குள்ள போகாத" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சோறு அடுப்பில் இருக்கிறது, இந்த வீட்டில்தான் உன்னைப் பெற்றேன், சுவர் எல்லாம் நேராகத்தான் இருக்கிறது, நான் தினம் பார்க்கிறவள், நீ போய்ப் படத்தைக் காட்டி பாஸ் பண்ணுகிற வழியைப் பார் என்று அடுக்கினார். கௌசல்யா கத்தினாள். அந்தப் பக்கத்திலும் கத்தல். மூன்று மணி ரயிலை மறந்துவிட்டாள், மொடலை மறந்துவிட்டாள்.

நான் கையை நீட்டிப் போனை வாங்கினேன். இப்போது நினைத்தாலும் அது என் கையா என்று இருக்கிறது.

"அம்மா, நான் இங்க வேல செய்யிறவ" என்றேன். "நானும் லயத்துக்காரிதான். ஹந்தானை. உள்ளுக்கு இருந்து பாத்தா செவுரு நேராத்தாம்மா தெரியும். அதோட சேந்து நம்மளும்ல சாஞ்சிக்கிட்டு இருக்கோம்."

"சோறு அடுப்புல கெடக்கே" என்றார் அம்மா.

"சோத்த விட்டுட்டு வரச் சொல்லல. பானையோட தூக்கிக்கிட்டு வாங்க."

"பானையோடயா?"

"பானையோட."

ஒரு சிரிப்புக் கேட்டது. "சரி, சாப்பிட எடம் எது?" என்றார். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா லயத்துக்கு எதிர்ப்பக்க மேட்டில் இருந்ததை மொடலில் பார்த்திருந்தேன். அதன் விறாந்தைக்குப் போகச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஊசிக்காரியையும் கூட்டிப் போகச் சொன்னேன். போனார்கள். போய்ச் சேர்ந்து, தட்டில் சோறு போட்டுவிட்டதாகச் சொன்ன பிறகுதான் நாங்கள் மீதி வீடுகளைத் தொட்டோம். அவற்றின் எண்கள் அம்மா கையோடு கொண்டுபோன கொப்பியில் நனையாமல் இருந்தன. சேர் என்னைப் பார்த்தபடி இருந்தார். லயம் என்ற சொல்லை அவர் என் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் வீட்டுக்கு இரண்டு சுவர் வைக்கச் சொன்னாள் கௌசல்யா. பதினைந்து நாளுக்கு முந்தியது மங்கலாக, இன்றையது வெள்ளையாக. வைத்தோம். ஒட்டிய கல்லைத் திரும்ப உடைத்தேன். கடைசியாக நூல்களும் பூட்டும்.

"பூட்டு எப்பிடி இருந்திச்சின்னு ஞாபகம் இருக்காக்கா? இல்லாட்டி சும்மா ஒரு குண்டு போடுங்க" என்றாள் கௌசல்யா.

நான் யோசிக்காமல் வரைந்துவிட்டேன். வளைந்த கொக்கி, அடியில் கொஞ்சம் அகலமான உடம்பு, நடுவில் சாவித் துவாரம், இடப்பக்கம் ஒரு நசுங்கல். "ஐயோ அப்பிடியே இருக்கு" என்றாள் அவள்.

பஸ்மினா என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுத்த நூலின் பக்கத்தில் எண்ணை அடித்தாள்.

கௌசல்யா மூன்று மணி ரயிலைப் பிடித்தாள். பாஸ் பண்ணினாள். அந்த அதிகாரி மொடலில் இருந்த இரண்டு சுவரையும் பார்த்துவிட்டு நேரில் வந்தாராம். ஐந்து குடும்பத்தைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். மற்ற ஏழு குடும்பம் இன்னும் அங்கேதான், வீடு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டைத் தொங்கவிட்டுப் பார்த்து கந்தோருக்குப் போன் பண்ணி எண்ணைச் சொல்வார். நான் வேலையை விடும்போது பதின்மூன்றரை. சுவர் விழவில்லை. பொம்பளை சும்மா பயம் காட்டினாள் என்று லயத்தில் கேலி செய்கிறார்களாம். அவர் விடவில்லை.

படங்களின் கடைசிப் பக்கத்தில் கௌசல்யா நன்றி என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தாள். பஸ்மினாவின் பெயர் இல்லை. நீங்கள் வேலைக்கு வந்த முதல் நாளே சேர் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பார், எல்லாருக்கும் சொல்கிறார். அக்கா பழக்கதோஷத்தில் சுவரை நேராக்கியதால்தான் திரும்ப அளந்தார்கள், அளந்ததால்தான் உயிர்கள் தப்பின என்று. பஸ்மினா ஒன்றைச் சொல்லாமல் விட்டதையும் கூடவே சேர்த்துச் சொல்வார்.

அந்தக் கதை நேராக்கிய கதை. எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை அது. சனிக்கிழமை காலையில் முதல் சிவப்புக் கோட்டைப் பார்த்ததுமே கிட்டப் போய்ப் பார்த்தேன். நுனியில் இருந்தது பூட்டு என்று தெரிந்தது. நூலில் பாரத்தைக் கட்டித் தொங்கவிடுவது எதற்கு என்றும் தெரியும், என் அப்பா கதவு நிலை வைக்கும்போது கல்லைக் கட்டிப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரோ வேண்டுமென்று, கவனமாக, பன்னிரண்டு இடத்தில் வைத்தது என்று தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டையும் அழித்தேன். அழிக்கும்போது சாவித் துவாரம் வரைக்கும் பார்த்தேன். அதனால்தான் வரைய வந்தது.

வேலைக்கு ஆகிற புத்தி ஏதாவது சொல்ல வேண்டும் என்று பஸ்மினா கேட்டாள். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். அடுத்தவர் மொடலில் விளங்காத ஒன்று இருந்தால் அதை வைத்தவரிடம் கேட்கும்வரை அழிக்காதீர்கள். விளங்குகிற ஒன்று உங்களுக்கு எரிச்சலைத் தந்தால் அன்றைக்கு அந்த மொடலைத் தொடவே வேண்டாம், எழுந்துபோய் எல்லாருக்கும் தேநீர் போடுங்கள். பொறாமை போய்விடும் என்று சொல்லவில்லை. எனக்குப் போகவில்லை. கௌசல்யா வேலைக்குச் சேர்ந்த செய்தி வந்தபோதும் நெஞ்சில் ஒரு தரம் சுருக்கென்றது. ஆனால் தேநீர் கோப்பை கையில் இருக்கும்போது மவுஸைப் பிடிக்க முடியாது.

நான் எழுதியதில் எண்கள் பிழையாக இருக்கலாம். எட்டரையா எட்டே முக்காலா, மூன்றாம் வீடு மூன்றேகாலா மூன்றரையா, கடைசியாக வந்தது பதின்மூன்றரைதானா என்று யாராவது அந்தக் கொப்பியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதை அடிக்கும்போது, பஸ்மினா, நீயே பார்த்துச் சரிசெய்துவிடு. எழுத்துப் பிழையையும் திருத்து. உன்னைப் பற்றியும் அந்தப் பூட்டைப் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் நிமிர்த்த வேண்டாம். அது சாய்ந்தபடியே இருக்கட்டும்.